செய்தி உரைத்த செம்மல் எட்வர்டு மர்ரோ

மக்கட்கு வாய்த்த கருவிகளுள் நாவினும் வலியது பிறிதொன்றில்லை. திருவள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். பயனில சொல்லாமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். சொல்ல வல்லவன் எதனைச் சொல்லாது விடவேண்டும் என்பதனையும் அறிந்திருத்தல் வேண்டும் என்பது, இவ்விரண்டினையும் ஒருங்கு நோக்குவார்க்கு இனிது விளங்கும். மேடையிற் பேசுவோர்க்கேயன்றி, ஊரார்க்கெல்லாம் செய்தி கூறும் தொழிலை மேற்கொண்டார்க்கும் இவ்வறிவு இன்றியமையாதது.

இந்நாளில் மாலைதோறும் நம் இல்லங்களுள் வந்தமர்ந்து உலக நடப்பை உரைத்துச் செல்பவர் தொலைக்காட்சிச் செய்தியாளர். அவர் அமர்ந்திருக்கும் மேசையும், பின்னே விளங்கும் ஒளியும், அணிந்துள்ள உடையும், குரலின் ஏற்ற இறக்கமும், புருவத்தின் அசைவுங்கூடச் செய்தியோடு கலந்தே நம்மை வந்தடைகின்றன. இவற்றுள் செய்தி எது, செய்தி கூறுவாரது ஒப்பனை எது எனப் பிரித்தறியமாட்டாது நாம் மயங்குதலும் உண்டு. இம்மயக்கம் பிறந்த காலத்திலேயே அதனை நன்குணர்ந்து, தம் குரலையும் முகத்தையும் செய்திக்கு ஏவலாளாக நிறுத்தினார் ஒருவர். அவர் அமெரிக்க நாட்டினராகிய எட்வர்டு மர்ரோ என்பார். அவரது சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இளமையும் கல்வியும்

மர்ரோ 1908-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள், வட கரோலினா மாகாணத்தில் கிரீன்ஸ்பரோ என்னும் ஊருக்கு அண்மையில், எளியதொரு வேளாண் குடும்பத்தில் தோன்றினார். மூன்று புதல்வருள் இவரே இளையவர். பெற்றோர் இட்ட பெயர் எக்பர்ட்டு ராஸ்கோ என்பது. எட்வர்டு என்பது பின்னர் இவரே தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர். இவர்தம் குடும்பத்தார் குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர். ஆடம்பரமின்மையும், அமைதியும், மனச்சான்றுக்கு அஞ்சுதலும் அப்பிரிவினர் சிறப்பாகப் போற்றும் பண்புகள் என்பதைப் பலரும் அறிவர்.

வறுமை காரணமாக இக்குடும்பத்தார், மர்ரோ சிறு குழந்தையாயிருந்தபொழுதே நாட்டின் மறுகோடியாகிய வாஷிங்டன் மாகாணத்திற்குக் குடிபெயர்ந்தனர். ஆங்கே தந்தையார் மரம் ஏற்றிச் செல்லும் இருப்புப்பாதையில் வேலை பார்த்தார். மர்ரோவும் விடுமுறைக் காலங்களில் மரம் வெட்டுவோர் கூடாரங்களில் உடலுழைத்துப் பொருளீட்டினார். வன்மை மிக்க அத்தொழிலாளரோடு பழகியமையால் எளிய மக்களது பேச்சின் வலிமை இவருக்கு இளமையிலேயே புலனாயிற்று. அன்னார் சுற்றி வளைத்துப் பேசுவதில்லை. சொல்வதைச் சுருங்கச் சொல்லி விடுவர்.

1926-ஆம் ஆண்டு இவர் புல்மன் நகரத்திலிருந்த வாஷிங்டன் மாகாணக் கல்லூரியிற் சேர்ந்தார். ஆங்கே பேச்சுக்கலை கற்பித்த ஐடா லூ ஆண்டர்சன் என்னும் அம்மையார் இவரது வாழ்க்கையையே உருவாக்கியவர் எனின் மிகையாகாது. அவ்வம்மையார் குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளை வாதத்தால் பற்றப்பட்டு உடல் வளைந்தவர், ஓயாத நோயினர், எனினும் மாணாக்கரது குரலில் மறைந்து கிடக்கும் ஆற்றலை வெளிக்கொணர்வதில் இணையற்றவர். படிக்கும் பகுதியின் பொருளை முதலில் உள்ளத்தில் உணர்ந்து, அதன்பின்னரே வாயைத் திறத்தல் வேண்டும் என்னும் பயிற்சியை அவரிடமே மர்ரோ பெற்றார். நல்லாசிரியர் ஒருவரது உழைப்பு எத்துணைத் தொலைவு சென்று பயன் தரும் என்பதற்கு இச்சரிதமே சான்றாகும். அதனைப் பின்னர்க் காண்பாம்.

1930-ஆம் ஆண்டு பட்டம் பெற்ற மர்ரோ, அமெரிக்க மாணவர் சங்கங்களின் கூட்டமைப்புக்குத் தலைவராகி நியூயார்க்கு நகரம் சேர்ந்தார். 1932 முதல் 1935 வரை அனைத்துலகக் கல்வி நிலையத்தில் துணை இயக்குநராக விளங்கினார். ஜெர்மனியில் ஹிட்லரது ஆட்சி 1933-இல் தொடங்கியபோது, பதவி இழந்து நாடு துறந்த பேராசிரியர்களுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இடந்தேடித் தரும் நற்பணியில் இவரும் ஈடுபட்டார். அறிவுடையோர் தம் கருத்துக் காரணமாகவும் குலங் காரணமாகவும் துரத்தப்படுதலை நேரே அறிந்தமையால், அச்சத்தால் ஆளப்படும் நாடு எத்தகையது என்பது இவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

வானொலியிற் புகுதல்

ஜேனட்டு புரூஸ்டர் என்னும் நங்கையை மணந்த மர்ரோ, 1935-ஆம் ஆண்டு சி.பி.எஸ். என வழங்கும் கொலம்பியா ஒலிபரப்பு நிறுவனத்தில் சேர்ந்தார். ஆண்டு அவருக்கிட்ட பணி தாம் பேசுவதன்று. பேசத்தக்க பெரியோரைத் தேர்ந்து ஒலிவாங்கியின்முன் அமர்த்துவதேயாம். 1937-இல் லண்டன் மாநகருக்கு அனுப்பப்பட்டதும் அப்பணிக்காகவே. செய்தித்தாளில் ஒருநாளும் வேலை பார்த்தறியாதவர் இவர் என்பது ஈண்டு நினைத்தற்குரியது.

காலம் இவரைத் தன் வழியே இழுத்தது. 1938-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஹிட்லரது படை ஆஸ்திரியாவினுட் புகுந்தது. வியன்னாவிலிருந்த தம் துணைவர் வில்லியம் ஷைரர் தடையின்றிச் செய்தி கூறும்பொருட்டு லண்டனுக்குச் செல்ல, மர்ரோ விமானம் ஒன்றை வாடகைக்கமர்த்தி வியன்னாவை அடைந்தார். மார்ச்சு 13-ஆம் நாள் இரவு, ஐரோப்பாவின் பல தலைநகரங்களிலிருந்து செய்தியாளர் பலர் ஒருவர்பின் ஒருவராகப் பேச, அமெரிக்க மக்கள் ஒரே நிகழ்ச்சியில் அனைத்தையும் கேட்டனர். முன்னரே பதிவு செய்து ஒலிபரப்புதலை நிறுவனம் அந்நாளில் அனுமதித்ததில்லை. ஆதலின் ஒவ்வொருவரும் குறித்த நொடியில் தொடங்கிக் குறித்த நொடியில் முடித்தல் வேண்டும். இன்று தொலைக்காட்சிச் செய்தியில் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு மாறிமாறிச் செல்லும் முறைக்கு வித்து இட்டது அவ்விரவே எனலாம். மர்ரோ செய்தியாளராக முதன்முதற் பேசியதும் அன்றே.

லண்டன் மாடியின்மேல்

1940-ஆம் ஆண்டு ஜெர்மானிய விமானங்கள் லண்டன்மீது இரவுதோறும் குண்டு பொழிந்தன. மர்ரோ நிலவறையிற் பதுங்கவில்லை. கூரையின்மீது நின்று கண்டதைக் கண்டவாறே கூற அனுமதி வேண்டினார். பகைவர்க்குப் பயன்படும் சொல் ஒன்று தவறி விழுமோவென அஞ்சிய அதிகாரிகள் முதலில் மறுத்தனர். இவர் சோதனைப் பதிவுகள் செய்து காட்டிய பின்னரே இசைவளித்தனர்.

அவ்வொலிபரப்புக்களில் இவர் கையாண்ட முறை கருதத்தக்கது. குண்டு விழும் நகரத்தின் நடுவே நிற்பவன் கூக்குரலிடுதல் இயல்பு. இவரோ அதற்கு மாறாகக் குரலைத் தாழ்த்தினார். அடைமொழிகளை அகற்றினார். சிறு வாக்கியங்களால், தம் கண்ணெதிரே தோன்றிய விளக்கொளி, புகை, தெருவிற் செல்லும் மனிதன் ஆகியவற்றை மட்டும் எடுத்துரைத்தார். அவ்வாண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள் டிரபால்கர் சதுக்கத்தில் அபாயச் சங்கு ஊதியபோது, ஒலிவாங்கியைத் தரையருகே தாழ்த்திப் பிடித்தார். பதற்றமின்றிப் புகலிடம் நோக்கி நடந்த மக்களது காலடியோசையைக் கடல் கடந்த நாட்டினர் கேட்டனர். லண்டன் மக்கள் கலங்கவில்லை என்பதை இவர் வாயாற் சொல்லியிருப்பின் ஐயுறுவாரும் இருந்திருப்பர். காலடிகளே அதனைக் கூறினமையால் எவரும் ஐயுறவில்லை.

லண்டனிலிருந்து பேசுவதை அறிவிக்கும் மூன்று சொற்களோடு இவரது ஒவ்வொரு செய்தியும் தொடங்கும். அவற்றுள் முதற் சொல்லுக்குப்பின் சிறிது நிறுத்துமாறு, ஆயிரக்கணக்கான கல்லுக்கு அப்பாலிருந்து எழுதித் தெரிவித்தவர் யார்? நோயுற்றிருந்த நிலையிலும் தம் மாணாக்கரது குரலை வானொலியிற் கேட்டுவந்த ஆண்டர்சன் அம்மையாரே. அச்சிறு நிறுத்தமே மர்ரோவின் அடையாளமாகி விட்டது. அம்மையார் 1941-ஆம் ஆண்டு இவ்வுலக வாழ்வை நீத்தார்.

போர் முடியும்வரை மர்ரோ அமைதியாக அறையில் அமர்ந்திருந்தாரல்லர். குண்டு வீசும் விமானங்களில் இருபது முறைக்கு மேல் தாமே உடன் சென்றார். 1943-ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் பெர்லின் மாநகரின்மேல் சென்று மீண்டு, அன்றே அதனை விரித்துரைத்தார். 1945-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் புக்கன்வால்டு சிறைக்கூடத்தினுட் சென்று, அங்கே அடுக்கப்பட்டுக் கிடந்த பிணங்களையும் எலும்பும் தோலுமாய் எஞ்சியிருந்த மனிதரையும் கண்டார். மூன்று நாள் அதனைப்பற்றிப் பேச இவரால் இயலவில்லை. ஏப்ரல் 15-இல் பேசியபோதும், கண்டதில் ஒரு பகுதியையே உரைத்ததாகவும், மற்றதற்குத் தம்மிடம் சொல் இல்லையென்றும் தெரிவித்தார்.

தொலைக்காட்சியின் தொடக்கம்

போருக்குப்பின் நியூயார்க்கு திரும்பிய மர்ரோ சிறிது காலம் நிறுவனத்தின் உதவித் தலைவராக வீற்றிருந்து, அப்பதவி தமக்கு ஒவ்வாமையால் 1947-இல் அதனைத் துறந்து மீண்டும் வானொலிச் செய்திக்கே வந்தார். அக்காலத்தில் தொலைக்காட்சி தவழும் பருவத்தது. செய்தியைக் கண்ணுக்குக் காட்டுவது எவ்வாறு என்பதில் எவர்க்கும் தெளிவில்லை.

இருவேறு முறைகளை நோக்குவாம். பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகத்தார் 1954-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள் நாள்தோறும் தொலைக்காட்சிச் செய்தி தரத் தொடங்கியபோது, செய்தி படிப்பவரது முகத்தைக் காட்டவேயில்லை. முகத்தின் குறிப்பு ஒருபாற் கோடுதலாகத் தோன்றுமோ என்பது அவர்தம் அச்சம். நிலைப்படங்களும் தேசப்படங்களும் திரையில் தோன்ற, பின்னிருந்து குரல் மட்டும் கேட்கும். 1955-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களிலேயே முகம் வெளிப்பட்டது. அமெரிக்காவிலோ நிலைமை நேர்மாறு. என்.பி.சி. நிறுவனத்தின் மாலைச் செய்தியை ஒரு சிகரெட் வணிகரது பொருள் நடத்திற்று. அதனை உரைத்த ஜான் கேமரன் சுவேசி சட்டையிற் பூச் செருகி, முகமலர்ச்சியோடு, கால் மணி நேரத்தில் உலகத்தையெல்லாம் விரைந்து சுற்றிக் காட்டி விடைபெறுவார். முகத்தை மறைத்தல் ஒரு கோடி. முகமே செய்தியாதல் மற்றொரு கோடி. இவ்விரண்டிற்கும் இடையே ஒரு வழியுண்டு என்று காட்டியவர் மர்ரோ.

தொடக்கத்தில் இவர் தொலைக்காட்சியை நம்பவில்லை. படம் கிடைத்த செய்தியே பெரிய செய்தியாகத் தோன்றும், எண்ணத்திற்குரிய செய்திக்குப் படமில்லாமையால் அது மறக்கப்படும் என்பது இவரது கவலை. எனினும் பிரெட்டு பிரெண்ட்லி என்னும் துணைவரோடு கூடி, 1951-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள், இப்பொழுதே காண்க என்னும் பொருள்படும் பெயருடைய அரைமணி நேர நிகழ்ச்சியைத் தொடங்கினார். அமெரிக்காவின் கீழ்க்கடலையும் மேல்கடலையும் அந்நாளில் அருகருகே இருந்த இரண்டு சிறு திரைகளில் ஒரே நேரத்திற் காட்டினார். கண்டம் முழுவதையும் இணைக்கும் தொடர்பு அவ்வாண்டிலேதான் முற்றுப்பெற்றிருந்தது. இரண்டு பெருங்கடல்களை ஒருங்கே கண்ட முதல் மனிதர் அன்றைய நேயரே.

அந்நிகழ்ச்சியின் அரங்கத்தைப்பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். அலங்கார மேசையில்லை, திரைச்சீலையில்லை, வரைந்த பின்காட்சியில்லை. ஒளிபரப்பினை நடத்தும் கட்டுப்பாட்டறையினுள்ளேயே மர்ரோ அமர்ந்தார். இயந்திரங்களும், கம்பிகளும், சிறு திரைகளும், இயக்குநரும் அவர்தம் உதவியாளரும் காண்பவர் கண்ணுக்குப் புலனாவர். அடுத்த படத்தை அழைக்குமிடத்தில் மர்ரோ இயக்குநர்பக்கம் திரும்பி அதனை வேண்டுவார். சமையலறையைப் பூட்டி வைத்து உணவை மட்டும் அனுப்பும் வீட்டிற்கும், அடுக்களையைத் திறந்து காட்டிப் பரிமாறும் வீட்டிற்கும் உள்ள வேற்றுமை இது. செய்தி வானத்திலிருந்து விழுவதன்று, மனிதர் சிலர் தேர்ந்து தொடுத்துத் தருவதே என்பதை அவ்வறை வாயில்லாமலே உரைத்தது.

மர்ரோவின் தோற்றமும் அதற்கேற்றதே. கருநிற உடை, விரலிடையே புகையும் சிகரெட், கையிலே தாள். தாளை நோக்கிப் படிப்பார். இன்றியமையாத இடத்தில் மட்டும் தலை நிமிர்ந்து நேரே நோக்குவார். சிரிப்பு அரிது. எழுதி வைத்துப் படிப்பதினும் வாயாற் சொல்லிப் பிறரை எழுதச் செய்தலே இவர் வழக்கம். ஆதலின் இவரது வாக்கியங்கள் காதிற்கென்றே பிறந்தவை. இவ்வளவு அமைதியாகத் தோன்றியவர் உண்மையில் ஒலிவாங்கியின்முன் வியர்த்து, மேசையின்கீழ்க் கால் ஓயாது ஆட, உள்ளம் பதறியிருந்தார் என உடனிருந்தோர் கூறியுள்ளனர். அமைதி இயற்கையாக வந்ததன்று; ஈட்டிக்கொண்டது. மேடையேற நடுங்கும் இளைஞர்க்கு இஃது ஓர் ஆறுதலாகும்.

1952-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில் இவர் தம் குழுவினரோடு கொரியப் போர்முனைக்குச் சென்றார். வெற்றி முழக்கத்தையோ படைத்தலைவரது விளக்கத்தையோ முதன்மையாகக் காட்டினாரில்லை. உறைந்து கல்லாய்க் கிடந்த நிலத்தைத் தோண்ட முயலும் ஒரு போர்வீரனைக் காட்டினார். டிரபால்கர் சதுக்கத்துக் காலடியோசையும் இம்மண்வெட்டியின் ஓசையும் ஒரே கலையின் இரு வெளிப்பாடுகள்.

அச்சத்தை எதிர்த்தல்

இனி, மர்ரோவின் வாழ்க்கையிற் பெருஞ்சோதனை நேர்ந்த காலத்தைக் கூறுவாம். 1950-ஆம் ஆண்டு முதல் விஸ்கான்சின் மாகாணத்துச் செனட்டர் ஜோசப் மக்கார்த்தி என்பார், அரசாங்க அலுவலகங்களிற் பொதுவுடைமையினர் மறைந்துள்ளனர் எனக் குற்றஞ்சாட்டி நாட்டையே கலக்கினார். சான்றின்றியே பலர் பதவி இழந்தனர். நண்பர் நண்பரைக் கண்டு அஞ்சினர்.

1953-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள், மைலோ ராடுலோவிச் என்னும் இளம் விமானப்படை அலுவலரது வழக்கினை மர்ரோ எடுத்துக் காட்டினார். அவர்மேல் குற்றமேதுமில்லை, தந்தையும் தமக்கையும் ஐயத்துக்குரியர் என்பதே அவரை நீக்கக் காரணம். அந்நிகழ்ச்சிக்கு விளம்பரம் செய்ய நிறுவனம் முன்வராமையால், மர்ரோவும் பிரெண்ட்லியும் தம் சொந்தப் பணத்தைச் செலுத்தி நாளிதழில் விளம்பரம் வெளியிட்டனர். ஐந்து வாரங்களில் விமானப்படைச் செயலர் அவ்விளைஞரை நீக்கும் ஆணையை விலக்கினார்.

1954-ஆம் ஆண்டு மார்ச்சு 9-ஆம் நாள் இரவு, மக்கார்த்தியையே பொருளாகக்கொண்ட நிகழ்ச்சி ஒளிபரப்பாயிற்று. விளம்பரச் செலவு இம்முறையும் இவர்களுடையதே. மர்ரோ வசைமொழி ஒன்றும் வழங்கவில்லை. மக்கார்த்தி பல இடங்களிற் பேசிய பேச்சுக்களையும், சாட்சிகளை அதட்டிய காட்சிகளையும் அவர் வாயினின்றே வரச்செய்து, ஒவ்வொன்றன்பின்னும் உண்மை இன்னது என்று ஆவணங்கொண்டு திருத்திச் சென்றார். முடிவிலே சிறிது நேரம் மட்டும் நிமிர்ந்து நேரே நோக்கி, எதிர்க்கருத்துக் கூறுதல் துரோகமாகாது என்றும், குற்றச்சாட்டு ஒன்றே சான்றாகாது என்றும், இவ்வச்சம் வளர்ந்தமைக்கு நாட்டு மக்கள் அனைவரும் பொறுப்பாளிகளே என்றும் உரைத்தார்.

இவ்விடத்தில் நாம் நடுநிலை பிறழாது கூறவேண்டுவன இரண்டு. மக்கார்த்தியை எதிர்த்தவருள் மர்ரோ முதல்வரல்லர். மார்கரெட்டு சேஸ் ஸ்மித் என்னும் செனட்டர் அம்மையார் 1950-ஆம் ஆண்டிலேயே அஞ்சாது மறுத்துரைத்தார். செய்தித்தாள் எழுத்தாளர் பலரும் முன்னரே எழுதினர். மற்றொன்று, ஒளிபரப்பு நிலையத்தைக் கைக்கொண்ட ஒருவர் அதனை ஒருவர்மீது ஏவுதல் தகுமோ, நாளைத் தீயோரும் இவ்வாறே செய்யாரோ எனச் சான்றோர் சிலரும் வினவினர். அவ்வினா பொருளற்றதன்று. மர்ரோ அதற்கு அளித்த விடை, எதிரிக்கும் அதே அரைமணி நேரத்தைத் தருதலேயாகும். ஏப்ரல் 6-ஆம் நாள் மக்கார்த்தி அந்நேரத்தைப் பெற்று, மர்ரோவின் இளமைக் காலத்துக் கல்வி நிலையப் பணியையே பழித்துப் பேசினார். இருவரையும் கண்ட மக்கள் தாமே தீர்ப்பளித்தனர். அவ்வாண்டு டிசம்பர் 2-ஆம் நாள் செனட்டு சபை 67-க்கு 22 என்னும் வாக்கினால் மக்கார்த்தியைக் கண்டித்தது.

அவ்வெற்றிக்கு ஒரே இரவின் பேச்சு மட்டும் காரணமன்று. பதினைந்தாண்டுகளுக்கு மேலாகக் குரலை உயர்த்தாதவர், மிகைப்படுத்தாதவர், கண்டதையன்றிக் கூறாதவர் என மக்கள் இவரை அறிந்திருந்தனர். நாள்தோறும் முழங்குவான் ஒருநாள் முழங்கினால் செவிகொடுப்பார் யார்? அடக்கத்தால் சேர்த்த செல்வத்தை மர்ரோ அன்றிரவு செலவு செய்தார்.

தளர்ச்சியும் குறையும்

நேர்மைக்கு விலையுண்டு. மர்ரோவின் நிகழ்ச்சிக்குப் பொருளுதவிய அலுமினிய நிறுவனம் 1955-இல் விலகிற்று. அவ்வாண்டு ஜூன் 7-ஆம் நாள், கேள்விக்கு விடை கூறிப் பெரும்பரிசு பெறும் வினா விடை நிகழ்ச்சியொன்று இவரது நேரத்திற்குச் சற்று முன்னர்த் தொடங்கி நாட்டையே கவர்ந்தது. அதனால் அந்நேரத்தின் விலை ஏறிற்று. வாரந்தோறும் வந்த செய்தி நிகழ்ச்சி எப்பொழுதேனும் வருவதாகிக் குறைந்து, 1958-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் முற்றும் நின்றது. புகழ் பெற்ற அவ்வினா விடைப் போட்டிகள் சிலவற்றில் விடைகள் முன்கூட்டியே சொல்லிக்கொடுக்கப்பட்டன என்பது பின்னர் வெளிப்பட்டு நாடு நாணியது வேறு செய்தி.

அதே ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் சிகாகோ நகரில் ஒலிபரப்புச் செய்தி இயக்குநர் அவையில், தம்மை வாழ்வித்த தொழிலையே மர்ரோ இடித்துரைத்தார். இக்கருவி கற்பிக்கவும் வல்லது, ஊக்கவும் வல்லது. மாந்தர் அதற்கென உறுதி கொள்ளாவிடின் வெறும் பெட்டியே என்பது அவ்வுரையின் சாரம். நிறுவனத் தலைவர்கட்கு அஃது உவப்பளிக்கவில்லை. அவ்வாண்டில் இவர் தொடங்கிய மற்றொரு நிகழ்ச்சி, வெவ்வேறு நாட்டு அறிஞரை அவரவர் இருக்குமிடத்திலிருந்தே ஒருவரோடொருவர் உரையாடச் செய்தது; அதன் முதல் நிகழ்ச்சியிற் பங்குகொண்டோருள் நம் பாரதப் பிரதமர் ஜவாஹர்லால் நேருவும் ஒருவர்.

மர்ரோவைக் குறையற்றவர் என்று கூறுதல் உண்மைக்கு மாறாகும். 1953 முதல் 1959 வரை, புகழ் பெற்றோரது இல்லங்களைக் காட்டி அளவளாவும் இலகுவான நிகழ்ச்சியொன்றையும் இவரே நடத்தினார். கடிய நிகழ்ச்சியை நடத்தியவர் உயர்ந்த மர்ரோ, இதனை நடத்தியவர் தாழ்ந்த மர்ரோ என மதிப்புரையாளர் பகுத்துரைத்தனர்.

1960-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள், நன்றியறிதல் விருந்துக்கு மறுநாள், அவ்விருந்துக்குரிய காய்கனிகளை விளைவித்த நாடோடிக் கூலியாளரது வறுமையைக் காட்டும் நிகழ்ச்சியொன்று இவரது குரலோடு வெளிவந்து பலரது மனச்சான்றை உறுத்திற்று. அடுத்த ஆண்டு சனவரியில் இவர் சி.பி.எஸ். நிறுவனத்தை நீத்து, குடியரசுத் தலைவர் கென்னடியின் வேண்டுகோட்கிணங்கி அமெரிக்கச் செய்தித் துறையின் தலைவரானார். அப்பதவியில் அமர்ந்தவுடன், அதே நிகழ்ச்சியைப் பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகத்தார் காட்டாதிருக்குமாறு இவர் வேண்டினார். தம் நாட்டின் பெயர்க்கு மாசு நேருமென்னும் எண்ணமே காரணம். கழகத்தார் மறுத்துவிட்டனர், செய்தி வெளியாகி மர்ரோ பெரிதும் நாண நேர்ந்தது. உண்மையை மறைக்கலாகாது என வாழ்நாளெல்லாம் கூறியவரே, நாற்காலி மாறியவுடன் இடறினார். இதனை நாம் ஏசுதற்கு எடுத்துரைக்கவில்லை. நல்லாரையும் பதவி அசைக்கும் என்பதை மாணாக்கர் உணர்தற்கே உரைத்தோம்.

இறுதி

புகைத்தல் இவரைவிட்டு நீங்காத தீய வழக்கம். ஒரு நாளில் அறுபது சிகரெட்டுக்கு மேற் புகைப்பார். சிகரெட்டுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1955-ஆம் ஆண்டிலேயே தம் நிகழ்ச்சியில் நாட்டார்க்கு எடுத்துக்காட்டியவர், தாம் அதனைக் கைவிட வலியற்றிருந்தார். 1963-இல் ஒரு நுரையீரல் அகற்றப்பட்டது. மறு ஆண்டு பதவியைத் துறந்தார். 1964-இல் அமெரிக்க விடுதலைப் பதக்கமும், 1965-இல் பிரிட்டிஷ் அரசியார் வழங்கிய சிறப்புப் பட்டமும் இவரை வந்தடைந்தன. ஐம்பத்தேழாம் ஆண்டு நிறைந்து இரண்டே நாள் கழிந்தபின், 1965-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள், நியூயார்க்கு மாகாணத்துப் பாலிங் என்னும் ஊரில் உள்ள தம் பண்ணை வீட்டில் மர்ரோ மறைந்தார். இவர் பயின்ற கல்லூரி இன்று பல்கலைக்கழகம். அதன் செய்தித்தொடர்புக் கல்லூரி இவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

மர்ரோ அமர்ந்த கட்டுப்பாட்டறையினும் பன்மடங்கு ஒளி வாய்ந்த அரங்கங்கள் இன்று எங்கும் உள்ளன. ஓடும் எழுத்தும், சுழலும் வண்ணமும், ஒரே நேரத்தில் உரத்துப் பேசும் பல முகங்களும் திரையை நிரப்புகின்றன. இவற்றைத் தீயவை என்று தள்ளுதல் எம் கருத்தன்று. ஆயின் செய்தி கேட்க அமரும்போது நாம் நம்மையே வினவிக்கொள்ளத்தக்கது ஒன்றுண்டு: இவர் எமக்கு நிகழ்ச்சியைக் காட்டுகின்றாரா, தம்மைக் காட்டுகின்றாரா? இவ்வினாவை எழுப்பக் கற்ற நேயரை எவ்வொளியும் மயக்காது.

நம் மாணாக்கருள் பலர் நாளை மேடையிலும், வகுப்பிலும், நீதிமன்றத்திலும், ஒலிவாங்கியின்முன்னும் நிற்கவுள்ளனர். அவர்க்கெல்லாம் புல்மன் நகரத்து நோயாளி ஆசிரியை ஒருவர் அஞ்சலில் அனுப்பிய அறிவுரை பயன்படும். முதற் சொல்லைச் சொன்னபின் சிறிது நிறுத்துக. அந்நொடியில் அடுத்துச் சொல்லப்போவது மெய்தானா என்று ஒருமுறை எண்ணிப் பார்க்க இடமுண்டு.